கலங்கல் தந்த கைத்திறன்: ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை

திருப்பெரும்புதூர் என்றதும் முன்னாளில் தமிழ் நெஞ்சங்களில் எழுந்தவை இரண்டு. ஒன்று, 1017 ஆம் ஆண்டு இராமானுசர் தோன்றிய திருத்தலம் என்னும் நினைவு. மற்றொன்று, ஏரியும் ஏரியை நம்பிய கழனியுமாகக் கிடந்த தொண்டை நாட்டு நிலப்பரப்பு. இந்நாளில் விடியற்காலை ஒரகடம் நாற்சந்தியில் நிற்பவர் கண்ணில் முதலில் படுவன ஆலைத் தொழிலாளரை ஏற்றி வரும் பேருந்துகளே. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து மகிழுந்துகள் வெளிவரத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும், 2012-ல் டைம்லரின் சரக்குந்து ஆலையும், 2013-ல் ராயல் என்ஃபீல்டின் மோட்டார் சைக்கிள் ஆலையும் அடுத்தடுத்து எழுந்தன. கால் நூற்றாண்டுக்குள் ஒரு வட்டாரத்தின் தொழில் மட்டுமன்று, உறங்கும் நேரமும் உண்ணும் நேரமும்கூட மாறிவிட்டன. மூன்று முறைப் பணிக்கு ஏற்பவே திருமண நாளும் பார்க்கப்படுகிறது, தேர்த் திருவிழாவுக்கு விடுப்பும் கேட்கப்படுகிறது.

எந்திரம் மனித வாழ்வுக்குள் நுழைந்த வரலாற்றை ஜேம்ஸ் வாட்டிலும் ஹென்றி ஃபோர்டிலும் தொடங்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. தமிழ் மண்ணிலேயே அவ்வரலாற்றைத் தம் ஒரு வாழ்நாளுக்குள் அடக்கிக் காட்டியவர் ஒருவர் இருந்தார். அவர் கோவை மண்ணுக்கு உரியவர்; இப்பகுதியைச் சார்ந்தவர் அல்லர். எனினும் அவருடைய வாழ்க்கையை மற்ற எவரையும்விட முதலில் படிக்க வேண்டியவர்கள் ஒரகடத்து மக்களே. அவர்தாம் ஜி.டி. நாயுடு என்று நாடறிந்த கோபால்சாமி துரைசாமி நாயுடு.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 மார்ச் 23 ஆம் நாள், உழவுத் தொழிலை வாழ்வாகக் கொண்ட குடும்பத்தில் அவர் பிறந்தார். தாயை மிக இளமையிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அவரைப் பிடிக்கவில்லை. ஆசிரியர் முகத்தில் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடிய பையன் என்று அவரைப் பற்றி வழங்கும் கதை மெய்யோ மிகையோ, தொடக்கப் பள்ளியைத் தாண்டி அவர் படிக்கவில்லை என்பது மெய். தந்தையாரின் தோட்டத்தில் காவலும் வேலையுமாக இருந்த காலத்தில் கைக்குக் கிடைத்த தமிழ் நூல்களையெல்லாம் தாமாகவே படித்தார். பிற்காலத்தில் பொறியியல் கற்றோரோடு வாதிட்டு நின்ற மனிதரின் முதல் கல்விச்சாலை அந்தத் தோட்டத்துச் சாளைதான்.

அந்த ஊருக்கு ஒரு நாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இழுக்கவில்லை, குதிரை இழுக்கவில்லை, ஆயினும் வண்டி ஓடியது. ஊரார் வியந்து நின்றார்கள். வியப்பு தீர்ந்ததும் வீடு திரும்பினார்கள். நாயுடுவுக்கு மட்டும் அது தீரவில்லை. வண்டி ஓடுவதைக் கண்டு வியப்பது எவர்க்கும் இயல்பு. எதனால் ஓடுகிறது என்று அறியாமல் உறக்கம் கொள்ளாதிருப்பது சிலர்க்கே வாய்க்கும் நோய். அந்நோய் அவரை ஊரைவிட்டுக் கோவைக்கு இட்டுச் சென்றது. அங்கே ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராகச் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் எச்சில் இலைக்கும் தண்ணீர்க் குவளைக்கும் இடையே உழைத்துக் காசு சேர்த்தார். முந்நூறு ரூபாய் சேர்ந்தது. ரட்ஜ் என்னும் ஆங்கில நாட்டு மோட்டார் சைக்கிள் ஒன்றை அதைக் கொண்டு வாங்கினார்.

வாங்கியவர் அதன்மேல் ஏறி ஊர்வலம் போயிருக்கலாம். அந்நாளில் அதுவே பெரும்பேறு. அவரோ வண்டியைப் பிரித்துப் போட்டார். மரையாணி வேறு, பற்சக்கரம் வேறு, உருளை வேறு என்று எல்லாவற்றையும் தனித்தனியே பார்த்துவிட்டு மீண்டும் பூட்டினார். எழுதிக் காட்ட ஆசிரியர் இல்லை. விளக்கப் படம் இருந்தாலும் அதைப் படிக்கும் ஆங்கிலம் இல்லை. பிரித்ததைத் திரும்பப் பூட்ட முடிந்தால் பாடம் தேறிற்று என்று பொருள். அன்று கற்ற முறையையே எண்பது வயது வரை அவர் கைவிடவில்லை. வானொலி, கடிகாரம், நிழற்படக் கருவி என எது கையில் வந்தாலும் அதற்கு நேர்ந்த முதல் கதி பிரிக்கப்படுவதே.

இங்கே ஒரு செய்தியை இடையிட்டுச் சொல்வது தகும். ரட்ஜ் வண்டியைச் செய்த நிறுவனம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு அத்தொழிலை நிறுத்திவிட்டது. அதன் தலைமுறையைச் சேர்ந்த மற்றோர் ஆங்கில நாட்டுப் பெயரான ராயல் என்ஃபீல்டு 1955-ல் சென்னைத் திருவொற்றியூருக்கு வந்தது. பிறந்த நாட்டில் அதன் ஆலைகள் மூடப்பட்ட பின்னும் இங்கே உயிரோடிருந்து, பின்னர் ஒரகடத்திலும் வேர்விட்டது. மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஊரே வாய்பிளந்து நின்ற தமிழகம், ஒரு நூற்றாண்டுக்குள் அதை உலகுக்குச் செய்து அனுப்பும் தமிழகமாயிற்று. நடுவே நேர்ந்தது என்ன என்பதற்கு நாயுடுவின் வாழ்க்கை ஒரு பகுதி விடை.

முதல் உலகப் போர்க் காலத்தில் பஞ்சு வணிகம் அவரை ஈர்த்தது. திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கி நல்ல பொருள் ஈட்டினார். ஈட்டியதை எடுத்துக்கொண்டு பம்பாய்ப் பஞ்சுச் சந்தைக்குச் சென்று, ஊக வணிகத்தில் அனைத்தையும் இழந்து வெறுங்கையோடு திரும்பினார். தொழிலின் நுட்பம் அறிந்தவர்க்குச் சந்தையின் சூது புரியவில்லை என்பதே அந்நிகழ்ச்சியின் சாரம். பிற்காலத்திலும் பலமுறை அவரை வீழ்த்தியது இதே குறைதான்.

அந்நாளில் கோவையின் தொழில் வாழ்வுக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர். நூற்பாலையும் பணிமனையும் பள்ளியும் நிறுவியவர். அவரிடம் நாயுடு வேலை தேடிச் சென்றார். ஆங்கிலம் அறியாத, பட்டம் பெறாத, பணத்தையும் தொலைத்துவிட்டு வந்த ஓர் இளைஞரிடம் அம்முதியவர் எதைக் கண்டாரோ, ஒரு பேருந்தைக் கடன் முறையில் கொடுத்துத் தொழில் நடத்தச் சொன்னார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அப்பேருந்து ஓடியது. உரிமையாளரும் ஓட்டுநரும் பழுது பார்ப்பவரும் ஒருவரே. அந்த ஒற்றை வண்டியிலிருந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் யு.எம்.எஸ். நிறுவனம் வளர்ந்தது. 1930-களின் தொடக்கத்தில் அதன் வண்டிகள் இருநூற்றைக் கடந்துவிட்டன.

பேருந்து என்பது வெறும் வண்டியன்று. பழனி மலைக்கு நடந்தே சென்ற குடும்பம் பேருந்தேறிச் சென்றபோது, பயண நாள்கள் சுருங்கின. வழிநெடுக இருந்த சத்திரங்களும் சாவடிகளும் ஆளரவம் குறைந்தன. செய்தித்தாளும் அஞ்சலும் நாடகக் குழுவும் மேடைப் பேச்சாளரும் சிற்றூர்களுக்குள் நுழையும் வழி பேருந்தாயிற்று. எல்லாவற்றினும் மேலாக, யார் யாருக்கு அருகில் அமர்வது என்னும் வினாவை அது எழுப்பிற்று. மாட்டு வண்டியில் இருப்பவரெல்லாம் ஒரு வீட்டார். பேருந்திலோ ஒரே பலகையில் முன்பின் அறியாதவர் அமர வேண்டும். தமிழகத்தின் பல தடங்களில் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுத்த வண்டிக்காரர்கள் அந்நாளில் இருந்தார்கள். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், அவ்வாறு மறுப்போர்க்கு உரிமம் நீக்கப்படும் என்று ஆணையிட்டுத்தான் அக்கொடுமையை ஒடுக்க வேண்டியிருந்தது. எந்திரம் தானாகவே சமத்துவத்தைக் கொண்டுவந்துவிடும் என்று எண்ணுவோர் இதை நினைவிற் கொள்ளல் நலம். ஒருவரோடொருவர் நெருங்கி அமரும் இடத்தை எந்திரம் உண்டாக்கியது. அவ்விடத்தில் அமரும் உரிமையை மனிதர்தாம் போராடிப் பெற்றனர்.

நாயுடுவின் நோக்கு இதற்கு மேலும் விரிந்தது. 1930-களில் அவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். மேனாடு சென்ற பெரும்பாலோர் கொண்டுவந்தது பட்டமும் உடையும். அவர் கொண்டுவந்தது கருவிகளும், அவற்றைத் தாமே செய்ய இயலும் என்ற துணிவும். நிழற்படம் எடுப்பதில் பெருவிருப்பம் கொண்டவர். 1936-ல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் படக்கருவியால் ஓடும் படமாக எடுத்தார். காந்தியடிகளும் நேருவும் சுபாஷ் சந்திர போசும் அவருடைய படச்சுருளில் இடம்பெற்றனர். அதே காலத்தில் மாகாணச் சட்டமன்றத் தேர்தலிலும் நின்று தோற்றார். தோல்வி அவருக்குப் பெரிய வருத்தமாய்த் தோன்றவில்லை போலும். முறைகேட்டுக்கு இடமளிக்காத வாக்குப்பதிவுக் கருவி ஒன்றை அவர் வடிவமைத்தார். இந்தியாவில் மின்னணு வாக்குப்பதிவுப் பொறி முதன்முதலாகக் கேரளத்துப் பரவூரில் வைக்கப்பட்டது 1982-ல்தான் என்பதை எண்ணும்போது, அவர் எத்தனை ஆண்டுகள் முந்தியிருந்தார் என்பது விளங்கும்.

சவர அலகு அவருடைய கண்டுபிடிப்புகளுள் பெரிதும் பேசப்பட்டது. உலர் மின்கலத்தில் ஓடும் சிறு மோட்டாரைக் கொண்ட மழிப்புக் கருவிக்கு ரேசண்ட் என்று பெயரிட்டார். செருமானிய மொழியில் அச்சொல்லுக்கு மிகு விரைவு என்பது பொருள். மிக மெல்லிய சவரத் தகடுகளையும் உருவாக்கினார். பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, படக்கருவிக்குத் தொலைவு அளவைச் சரிசெய்யும் பொறி என்று பட்டியல் நீள்கிறது. 1941-ல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்கு இந்நாட்டிலேயே செய்து தர முடியும் என்று அறிவித்தார். வானொலி செல்வர் வீட்டு அழகுப் பொருளாயிருந்த காலம் அது.

ஆயினும் தமிழ்ச் சமூகத்தின் அடித்தளத்தையே அசைத்தது இவற்றுள் எதுவுமன்று, மின் மோட்டார்தான். 1937-ல் பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் ஆலையிலிருந்து இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் வெளிவந்தது. அதில் நாயுடுவோடு தோள் நின்றவர் டி. பாலசுந்தரம் நாயுடு என்னும் தொழில்நுட்ப வல்லுநர். பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை நிறுவியவர் அவரே. பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் கோவைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நீலமலையில் பிறந்த மின்சாரமும் பீளமேட்டில் பிறந்த மோட்டாரும் கொங்கு நாட்டுக் கிணற்றடியில் சந்தித்தன.

கவிஞர்கள் சற்று நின்று நோக்க வேண்டிய இடம் இது. கொங்கு நாட்டின் ஆழக் கிணறுகளில் நீர் இறைத்தது கவலை. இரண்டு காளைகள் சரிவில் இறங்க, வடம் இழுபட, சால் நிறைந்து மேலே வரும். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும் வரை மனிதனும் மாடும் அந்தச் சரிவில் ஏறி இறங்கினர். தொண்டை நாட்டில் ஏற்றம். துலாவின்மேல் ஒருவன் நடக்க, கீழே ஒருவன் சாலைச் சாய்க்க, இறைத்த சால்களின் எண்ணிக்கை தவறாமலிருக்கப் பாட்டு. ஏற்றப்பாட்டு அழகுக்காகப் பிறந்ததன்று; எண்ணுவதற்காகவும், உடல் வலி மறப்பதற்காகவும் பிறந்தது. எண்ணைப் பாட்டாக்கியவன் உழவன். தமிழ்ச் செய்யுளின் நடைகள் பலவற்றுக்கு அவன் காலடியே தாளம்.

மோட்டார் வந்தது. காளை நின்றது; துலா இறங்கிற்று. 1950-களிலும் 1960-களிலும் மின்கம்பி ஊர் ஊராகச் சென்றபோது ஏற்றப்பாட்டு, வாயிலிருந்து நாட்டுப்புறவியலாரின் ஒலிப்பதிவு நாடாவுக்கு இடம் பெயர்ந்தது. ஒரு கலை அழிந்தது என்று வருந்துவது எளிது. ஆனால் துலாவின்மேல் விடியுமுன் ஏறியவன் கால் வழுக்கி விழுந்த கதைகளும் ஊருக்கு ஊர் உண்டு. அவன் மகன் அந்நேரத்தில் பள்ளிக்குச் சென்றான் என்பதும் உண்மை. நிலத்தடி நீர் கைக்கெட்டாத ஆழத்துக்குப் போயிற்று என்பதும் அதே மோட்டாரின் வரலாறுதான். மனிதத் தோளுக்கு இறைக்கும் அளவு ஒன்று இருந்தது; மோட்டாருக்கு அவ்வளவு இல்லை. பாட்டு நின்றதைப் பாடிய அளவுக்கு, கிணறு வறண்டதையும் முதுகு நிமிர்ந்ததையும் நம் கவிஞர்கள் பாடவில்லை என்றே சொல்ல வேண்டும்.

நாயுடுவின் வாழ்வில் மிகவும் வாதத்துக்குரியது அவருடைய கல்விக் கொள்கை. 1945-ல், சென்னை மாகாண ஆளுநராயிருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரால் கோவையில் தொழில்நுட்பப் பள்ளியும் பொறியியற் கல்லூரியும் தோன்றின. அவை தோன்ற உழைத்தவர் நாயுடு. கல்லூரி முதல்வர் பொறுப்பையும் ஏற்றார். தொடக்கப் பள்ளியைத் தாண்டாதவர் பொறியியற் கல்லூரிக்கு முதல்வர்! நான்காண்டுப் படிப்பு வீண் காலக்கழிவு, இரண்டாண்டு போதும் என்பது அவர் முடிவு. அரசு இசையவில்லை. அவரும் இறங்கி வரவில்லை. பதவியைத் துறந்து வெளியேறினார். அக்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகத் தடாகம் சாலையில் விளங்குகிறது. அவரோ வானொலி, மோட்டார் வண்டி முதலிய தொழில்களைக் குறுகிய காலத்தில் கற்பிக்கும் வகுப்புகளைத் தம் போக்கில் நடத்தினார்.

இதில் அவர் சொன்னது முழுவதும் சரியென்று கொள்ள முடியாது. பாலம் கட்டுபவனும் விமானம் செய்பவனும் கணிதத்தின் ஆழத்தைச் சில திங்களில் கடந்துவிட முடியாது. தமக்கு வாய்த்த அரிய மதிநுட்பத்தை எல்லார்க்கும் பொதுவென்று எண்ணியது அவர் பிழை. ஆனால் அவர் எழுப்பிய வினா இன்னும் சாகவில்லை. பட்டம் பெற்றும் மரையாணியைத் திருகத் தயங்கும் பொறியாளர் கூட்டத்தை நாடு பெருக்கியிருக்கிறது. கையால் செய்யும் வேலையைக் கீழென்றும், எழுதுகோல் வேலையை மேலென்றும் வகுத்த பழைய நோயே பட்டத்தின் வடிவில் திரும்பி வந்திருக்கிறது என்பதே அவர் சினத்தின் அடிப்படை. மறைபொருளைத் தகுதியுடையோர்க்கு மட்டுமே சொல்ல வேண்டும் என்ற கட்டளையை மீறி, திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊரறியச் சொன்னவர் என்று இராமானுசரைப் பற்றி மரபு கூறும். எந்திரத்தின் மறையைப் பொறுத்தவரை நாயுடு செய்ய விரும்பியதும் ஏறத்தாழ அதுவே. அவர் கடவுள் நம்பிக்கையைப் பற்றி வாதிடுவோர் இவ்வொப்புமையைப் பொறுத்தருள்க.

விடுதலைக்குப் பிறகு அவருக்கு எல்லாம் எளிதாகும் என்று எண்ணியிருக்கக் கூடும். நடந்தது வேறு. 1951-ல் தொழில்கள் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. எந்தப் பொருளை, எவர், எவ்வளவு செய்யலாம் என்பதற்கு உரிமம் தேவையாயிற்று. 1952-ல் இருவர் அமரும் பெட்ரோல் மகிழுந்து ஒன்றை நாயுடு உருவாக்கினார். விலை இரண்டாயிரம் ரூபாய் என்றார். உரிமம் கிடைக்கவில்லை, வண்டி உற்பத்திக்கு வரவில்லை. எளியோர்க்கு ஒரு சிறு வண்டி என்ற எண்ணம் இந்நாட்டில் மீண்டும் டாட்டா நானோவாக 2008-ல் அறிமுகமானபோது ஐம்பத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன.

அரசின் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. அந்நியச் செலாவணி அருகியிருந்த ஏழை நாடு, இரும்பையும் மின்சாரத்தையும் முதலில் எதற்குச் செலவிடுவது என்று திட்டமிட வேண்டியிருந்தது. மகிழுந்து அவசரத் தேவையன்று என்று கருதியதில் தவறில்லை. ஆனால் செய்யத் தெரிந்த கையைக் கட்டிப்போட்ட ஒரு சமூகம், அக்கையைப் போல் இன்னொன்றை எப்போது பெறும் என்று அக்கோப்புகளில் ஒப்பமிட்டவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வருமான வரித்துறையோடு அவர் நடத்திய வழக்குகளும் வாதங்களும் தனிக் காவியம். உழைத்து ஈட்டியதில் பெரும்பகுதியை வரி கொண்டுபோகிறது என்று சினந்து, தாம் செய்த வானொலிகளையும் மழிப்புக் கருவிகளையும் கடிகாரங்களையும் மக்கள் கண்ணெதிரே உடைத்துப் போட்டார். அதைக் கண்டு வருந்தியவர் உண்டு, கண்டித்தவரும் உண்டு. கண்டித்தவர் பக்கமே அறம் இருந்தது. கருவி செய்தவனுக்கு மட்டும் உரியதன்று; செய்யும் அறிவு ஊருக்கு உரியது. பிரிப்பதும் உடைப்பதும் ஒன்றல்ல என்பதை மற்றெவரையும்விட அறிந்தவர் அவர். அறிந்தவரே உடைத்தார் என்பதில்தான் அந்நிகழ்ச்சியின் துயரம் இருக்கிறது.

அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் புகழ்மாலையோடு நிறுத்திவிடுகின்றனர். சர் சி.வி. இராமன் அவரை மனமாரப் பாராட்டியதும், விசுவேசுவரய்யா அவருடைய பண்ணையைக் கண்டு மகிழ்ந்ததும் மெய்யே. போத்தனூர்ப் பண்ணையில் மனிதனைவிட உயர்ந்து வளர்ந்த பருத்திச் செடியும், காய்த்துக் குலுங்கிய பப்பாளியும் அந்நாளில் பெரும் பேச்சு. பதினொரு மணி நேரத்தில் ஒரு வீட்டை அடித்தளம் முதல் கூரை வரை கட்டி முடித்துக் காட்டியது 1967-ல். இவற்றிலெல்லாம் ஆராய்ச்சியாளரோடு ஒரு வித்தைக்காரரும் கலந்திருந்தார். கூட்டம் கூடி வியக்க வேண்டும் என்னும் ஆசை அவரிடம் இருந்தது. ஒரு பொருளைச் செய்து காட்டியதும் அவர் மனம் அடுத்த பொருளுக்குத் தாவிவிடும். அதை ஆயிரமாகவும் பதினாயிரமாகவும் பெருக்கி, தமக்குப் பின்னும் நிலைக்கும்படி ஓர் அமைப்பாக்கும் பொறுமை அவரிடம் குறைவு. மோட்டார் நிலைத்ததற்குக் காரணம், அதை எடுத்துக்கொண்டு ஓட வேறு கைகள் கோவையில் இருந்தன. ரேசண்டுக்கு அத்தகைய கைகள் வாய்க்கவில்லை.

கோவையின் இயல்பே அது. ஒரு பட்டறையில் கற்றவர் அடுத்த தெருவில் தம் பட்டறையைத் தொடங்குவார். கவனித்துப் பார்த்தவன், பிரித்துப் பார்த்தவன், நகலெடுத்தவன், நகலைத் திருத்தி மேம்படுத்தியவன் என்று தொழில் கிளைவிட்டது. பம்புசெட்டு, வார்ப்பு, நூற்பாலை எந்திரம் எல்லாம் அவ்வழியில் பெருகின. முதல் எந்திரத்தைத் தாமே பிரித்துப் பார்த்த ஒரு தலைமுறை அதற்குப் பின்னே இருந்தது.

ஒரகடத்து வழி வேறு. இங்கே எந்திரம் முழுமையாக வந்து இறங்கிற்று. வரைபடமும் அதனோடே வேற்று நாட்டிலிருந்து வந்தது. சுங்குவார்சத்திரம், வல்லக்கோட்டை என்று சுற்றுப்புற ஊர்களிலிருந்தும், தருமபுரி, விழுப்புரம் முதலிய தொலை மாவட்டங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஒரு மரையாணியை ஒரே இடத்தில் ஒரு நாளைக்குப் பல நூறு முறை முடுக்குகிறார்கள். அவ்வேலை இழிவன்று, பல குடும்பங்களை வறுமையிலிருந்து தூக்கி நிறுத்தியது அது. பெண் மக்கள் தம் பெயரில் வங்கிக் கணக்கும் சொந்த ஊதியமும் பெற்றது இந்தச் சாலையில்தான். ஆயினும் எந்திரம் முழுவதையும் பிரித்துப் பார்க்கும் உரிமை அந்தக் கைகளுக்கு இல்லை. 2006-ல் இங்கு தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பினர். கைப்பேசியைக் கோடிக்கணக்கில் பூட்டிய வட்டாரத்தில், ஆலை போன பின் தெருவுக்குத் தெரு கைப்பேசிப் பட்டறைகள் முளைக்கவில்லை. பீளமேட்டில் நடந்தது திருப்பெரும்புதூரில் ஏன் நடக்கவில்லை என்பதைப் பொருளியலார் பலவாறு விளக்கலாம். முந்நூறு ரூபாய் ரட்ஜ் வண்டியைக் கலைத்துப் போட்ட இளைஞருக்கு அவ்விளக்கம் தேவைப்பட்டிராது.

1944-லேயே பேருந்து நிறுவனத்தின் நேரடி ஆட்சியிலிருந்து விலகிய நாயுடு, ஆராய்ச்சி உதவித் தொகைக்கும் தொழிலாளர் நலனுக்கும் தம் பொருளில் பெரும் பங்கை ஒதுக்கினார். முதுமையில் அவர் மனத்துக்கு நெருக்கமாயிருந்தது, அவிநாசி சாலையில் அமைந்த தொழிற்காட்சிச் சாலை. எந்திரங்களைச் சிறுவர்கள் வந்து பார்க்க வேண்டும், பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும் என்பது அவர் விருப்பம். கொள்கையால் பல இடங்களில் வேறுபட்டும் தந்தை பெரியாரோடு அவர் நெடுநாள் நட்புப் பூண்டிருந்தார். 1973 டிசம்பர் 24 ஆம் நாள் பெரியார் மறைந்தார். பதினோராம் நாள், 1974 சனவரி 4 அன்று, நாயுடுவும் கண்மூடினார். அப்போது அவர் தம் எண்பதாம் வயதைக் கடந்து எண்பத்தொன்றை நெருங்கிக்கொண்டிருந்தார்.

கோவை அவிநாசி சாலையில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேலாக நீளும் மேம்பாலம் 2025 அக்டோபரில் அவர் பெயரால் திறக்கப்பட்டது. அதன்மேல் ஓடும் வண்டிகளில் பல, ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பூட்டப்பட்டவை. அதே சாலையில்தான் அவர் அமைத்த காட்சிச் சாலையும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து கண்ணாடிப் பேழைகளுக்கு வெளியே நின்று, உள்ளே அசையாமல் கிடக்கும் கருவிகளைப் பார்த்துவிட்டுச் செல்கிறார்கள்.